பசிபிக்கைத் தாண்டும் விமானப் பயணம்: இறங்கும் தேதியைக் கணக்கிடுவது எப்படி?

சிங்கப்பூரில் ஜனவரி 10 காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம், 15 மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது அங்கே அதே ஜனவரி 10, காலை 8 மணி. டிக்கெட்டில் இதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். பசிபிக் கடலின் நடுவே தேதி மாறும் இடமாக வைத்திருக்கும் கற்பனைக் கோடுதான் பன்னாட்டுத் தேதிக் கோடு. அதைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் தேதி ஒருநாள் பின்னுக்குப் போகும். மேற்கு நோக்கிக் கடந்தால் ஒருநாள் கூடும்.

கணக்குப் போடும்போது அந்தக் கோட்டை மறந்துவிடுவதே நல்லது. புறப்படும் நேரத்தை யூடிசி (எல்லா ஊர் நேரங்களையும் ஒப்பிட உதவும் உலகப் பொது நேரம்) நேரமாக மாற்றுங்கள், பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு இறங்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ யூடிசிக்கு 9 மணி நேரம் முந்தியது, ஹொனலூலு 10 மணி நேரம் பிந்தியது. டோக்கியோவில் 10ஆம் தேதி இரவு 9 மணி என்றால் யூடிசியில் நண்பகல் 12. ஏழு மணி நேரப் பயணத்தைக் கூட்டினால் மாலை 7. அதில் 10 கழித்தால் ஹொனலூலுவில் 10ஆம் தேதி காலை 9.

இதற்குமேல் கோட்டுக்காக இன்னொரு நாளைக் கழிக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: அந்த ஒருநாள் 19 மணி நேர வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். சிங்கப்பூரோடு 16 மணி நேரமாக இருக்கும் வித்தியாசம், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 15 ஆகிவிடும்.

நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. டோக்கியோவில் 10ஆம் தேதி அதிகாலை 12.05க்குப் புறப்பட்டு 10 மணி நேரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்தால், குளிர்காலத்தில் அங்கே 9ஆம் தேதி மாலை 5.05. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘-1’ என்று இருக்கும். நீங்கள் டோக்கியோ விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 9ஆம் தேதி இரவு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓட்டல் அறை வேண்டியதும் 9ஆம் தேதி இரவுக்கே. பத்தாம் தேதிக்குப் பதிவு செய்தால் இறங்கிய இரவு தங்க இடமிருக்காது.

திரும்பும் வழியில் ‘+2’ வரலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஜனவரி 10 இரவு 10.30க்கு ஏறி 17 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் 12ஆம் தேதி காலை 7.30. சென்னைக்கான அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாக 11ஆம் தேதிக்கு எடுத்திருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.

சமோவாவின் ஆப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு அரை மணிக்குச் சற்று மேற்பட்ட பயணம்தான். கடிகாரத்தை மாற்றவே வேண்டியதில்லை; ஆனால் தேதிக் கோடு இரண்டுக்கும் இடையே போவதால், வெள்ளிக்கிழமை ஏறியவர் வியாழக்கிழமை இறங்குவார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வணிக நாட்கள் ஒத்துப்போக வேண்டும் என்று சமோவா கோட்டின் மறுபக்கத்துக்கு மாறி, 2011 டிசம்பர் 30ஐயே விட்டுவிட்டு 31க்குத் தாவியது. பழைய வரைபடத்தை நம்பினால் இந்த ஒருநாள் பிசகும்.

மருந்து சாப்பிடுபவர்கள் தேதியைப் பார்க்காமல் மணி நேரத்தை எண்ண வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பயண நேரங்களை மருத்துவரிடம் காட்டி, அளவையும் இடைவெளியையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.