அந்தாலியா பக்கம் இடிபாடு பார்க்கப் போனால், தண்ணீர் வந்த வழியாக நடங்கள்

துருக்கியின் தென்கரையில் அந்தாலியாவில் அறை எடுத்துத் தங்கிவிட்டால் பெர்கே, அஸ்பெண்டோஸ், சிடே, பசெலிஸ் என்று கிரேக்க, ரோமானிய ஊர்களின் இடிபாடுகள் எல்லாம் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடும் தூரத்தில்தான். டூர் பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் மூன்றைக் காட்டி முடித்துவிடுவார்கள், ஆனால் ராத்திரி போட்டோவைப் புரட்டும்போது எந்தத் தூண் எந்த ஊர் என்றே தெரியாது. ஒரு நாளைக்கு ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) இவற்றில் ஏதாவது ஒரு விசா கையில் இருப்பவர்களுக்குத்தான் இ-விசா, மற்றவர்கள் ஸ்டிக்கர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறும், டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தொடும், "நமக்கென்ன, வெயில் பழக்கம்தானே" என்று கிளம்பினால் நிழலே இல்லாத பளிங்குத் தெருவில் கண் கூசி அரை மணியில் திரும்பிவிடுவீர்கள். செருப்பு வேண்டாம், அந்தக் கல் வழுக்கும்.

முதலில் பெர்கே. அந்தாலியா டிராமில் அக்சு நிறுத்தத்தில் இறங்கினால் சுமார் 2 கிலோமீட்டர் நடை. உள்ளே போனதும் இரண்டு வட்டக் கோபுரங்கள் நிற்கும், கிரேக்கர் காலத்து நகர வாசல். அதற்குப் பின்னால் இருக்கும் முற்றத்தைச் சிலைகளால் நிரப்பி அலங்கரித்தது பிளாங்கியா மாக்னா என்ற பெண், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர். பெரும்பாலோர் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நிற்காமல் தூண்கள் வரிசை கட்டிய பெரிய தெருவின் கடைசி வரை போங்கள். அங்கே குன்றடியில் ஒரு நீரூற்று மண்டபம், அதில் கெஸ்ட்ரோஸ் என்ற நதி தேவன் சாய்ந்து கிடக்கிறார், தலை இல்லை. அவர் காலடியிலிருந்து வழிந்த தண்ணீர்தான் தெருவின் நடுவே வெட்டிய கால்வாயில் ஊர் முழுக்க ஓடியது. இப்போது அந்தக் கால்வாயை ஒட்டியே வாசல் பக்கம் திரும்பி நடங்கள், இரண்டு பக்கமும் கடைகள், கல்லில் வண்டித் தடம், வாசலுக்கு அருகே குளியல் மண்டபம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஓர் ஊராகத் தெரியும். குளியல் மண்டபத்தில் குட்டையான தூண்கள் நெருக்கமாக நின்றால் அது வெந்நீர் அறை. தரையை அந்தத் தூண்கள் மேல் தூக்கி வைத்து, அடியில் சூடான காற்றை விட்டிருக்கிறார்கள்.

அஸ்பெண்டோஸுக்கு செரிக் என்ற ஊர் வரை மினிபஸ், அங்கிருந்து டாக்சி. அரங்கம் 2ஆம் நூற்றாண்டு, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலம், கட்டியவர் செனோன். கிரேக்க அரங்கம் குன்றின் சரிவில் லாட வடிவில் உட்கார்ந்திருக்கும், மேடைக்குப் பின்னால் வெளி தெரியும். ரோமானியர் அரைவட்டமாகக் கட்டி, உயர்ந்த மேடைச் சுவரால் அடைத்துவிடுவார்கள். இங்கே அந்தச் சுவர் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. அதில் தெரியும் சிவப்பு நெளிகோடுகள் ரோமானியருடையவை என்று நினைத்துவிடாதீர்கள், 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட துருக்கிய வம்சமான செல்ஜுக்குகள் இந்த அரங்கத்தைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியபோது தீட்டியவை.

அரங்கத்தோடு கிளம்பினால் பாதிதான் பார்த்ததாகக் கணக்கு. பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி வடக்கே பாருங்கள், வயல்களுக்கு நடுவே கோபுரம் கோபுரமாக நிற்பது நீர்க்குழாய்ப் பாலம். நடுவில் துளையிட்ட கற்களைக் கோத்துக் குழாயாக்கி, மலைத் தண்ணீரைப் பள்ளத்தாக்கில் இறக்கி, அதன் அழுத்தத்தாலேயே மறுபக்கம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. எனக்கு அரங்கத்தைவிட இதுதான் பிடித்தது.

சிடே ரொம்பவே கடைத்தெருவாகிவிட்டது. கடலோரத்து அப்போலோ கோயிலில் நிற்கும் 5 தூண்களும் 20ஆம் நூற்றாண்டில் எடுத்து நிறுத்தியவை. சூரிய அஸ்தமனக் கூட்டம் வேண்டாமென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

பசெலிஸுக்கு நீச்சல் உடையோடு போங்கள். பைன் மரக் காட்டுக்குள் மூன்று துறைமுகங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய பெருந்தெரு வழியாகவே நடக்கலாம், கால் வலித்தால் கடலில் இறங்கிவிடலாம். கி.மு. 334-333 குளிர்காலத்தில் அலெக்சாந்தர் வந்து தங்கிய ஊர். நுழைந்ததுமே இங்கும் நீர்ப்பாலத்தின் வளைவுகள் நிற்கும்.

டிக்கெட்டுக்கு வெளிநாட்டவருக்கான 15 நாள் மியூசியம் பாஸ் ஒன்று உண்டு, விலை யூரோவில். இரண்டு இடம் மட்டும் பார்க்கிறவர்கள் தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டி, பாஸோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், தரையில் பானை ஓடோ பளிங்குச் சில்லோ கிடந்தால் ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள். பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவது அங்கே குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்துவிட்டால் வீடு திரும்புவது தள்ளிப்போகும்.