போஸ்ட் இருக்கட்டும், முதலில் ஃபெரூலை அளந்து பாருங்கள்

வேர் சிகிச்சை முடிந்த பல்லைப் பார்த்ததுமே ஜூனியர்கள் கேட்பது, "காஸ்ட் போஸ்டா, ஃபைபரா?" என்பதுதான். போஸ்ட் என்பது வேர்க்குழாய்க்குள் ஒட்டும் தண்டு. காஸ்ட் என்றால் உலோகத்தில் வார்த்தது, ஃபைபர் என்றால் நார் கலந்த ரெசின். நான் ப்ரோபை (அளவுக் குறிகள் உள்ள மெல்லிய கருவி) கையில் கொடுத்து, ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் என்று அளக்கச் சொல்வேன். சுற்றிலும் 2 மி.மீ. இருந்தால் கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) அதைக் கவ்விப் பிடிக்கும். அதுதான் ஃபெரூல். அது இல்லாத பல்லில் எந்த போஸ்டும் நெடுநாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கிரவுன் லெங்தனிங் (ஈறையும் எலும்பையும் குறைத்துப் பல்லை வெளிக்காட்டும் அறுவை) செய்யலாம், ஆர்த்தோ (பல் நகர்த்தும் சிகிச்சை) மூலம் பல்லை வெளியே இழுக்கலாம். இரண்டும் முடியாதென்றால் பல்லை எடுப்பது பற்றிப் பேசிவிடுங்கள்.

போஸ்ட் வேருக்கு வலு சேர்க்காது. கோர் (கிரவுனுக்கு அடியில் கட்டும் மையப்பகுதி) நிற்க ஒரு பிடி, அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லில் பல்ப் சேம்பரே (பல்லின் நடுவே உள்ள குழி) பெரும்பாலும் அந்தப் பிடியைத் தந்துவிடும்.

வேர்க்குழாய் நீள்வட்டமாகவோ அகன்றோ இருந்தால்தான் கஸ்டம் போஸ்டுக்கு, அதாவது அந்தக் குழாயின் வடிவத்துக்கே செய்த போஸ்டுக்கு, வேலை. ரெடிமேட் போஸ்டுக்காக வேரை மேலும் குடைய வேண்டியதில்லை, சிமென்டும் மெல்லியதாக நிற்கும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) போட்டு, கட்டாபெர்ச்சாவை (குழாயை அடைத்திருக்கும் பொருள்) முதலில் சூடான கருவியால் எடுங்கள், அப்புறம் பீசோ ரீமர் என்ற குடையும் கருவி. வேர் நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டாபெர்ச்சா கட்டாயம் மிஞ்ச வேண்டும். போஸ்டின் நீளம் கிரவுன் உயரத்துக்குக் குறையக் கூடாது, தடிமன் வேரின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழாய்க்குள் லூப்ரிகன்ட் தடவி, பிளாஸ்டிக் பின்னோடு பேட்டர்ன் ரெசின் (வார்ப்புக்கு மாதிரி எடுக்கும் பிசின்) வையுங்கள். இறுகும் நேரத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த மாதிரியை வைத்து லேபில் உலோகத்தில் வார்த்து வந்த காஸ்டிங் விரல் அழுத்தத்திலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, தட்டாதீர்கள்! மேற்பரப்பில் குமிழ் தேடி அரைத்து எடுங்கள். தட்டி இறக்கிய போஸ்ட், வேருக்குள் அடித்த ஆப்புதான். சிமென்ட் வழிந்து வெளியேற பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கட்டும்.

ஃபெரூல் நன்றாக உள்ள முன்பல்லில் நான் ஃபைபர் போஸ்டைக் காம்போசிட்டால் (பல் நிற அடைப்புப் பொருள்) ரீலைன் செய்துவிடுவேன், அதாவது குழாயின் வடிவத்துக்குப் பொருத்திவிடுவேன். ஒரே சிட்டிங்கில் முடியும். தற்காலிக கிரவுன் வழியே எச்சில் கசிந்து குழாய் கெடும் தொல்லையும் இல்லை. தோற்றாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டுத்தான் கழலும், வேர் பிழைக்கும். நிக்கல்-குரோமியம் வார்ப்பு, வேரின் பெரும்பகுதியான டென்டினைவிடப் பத்து மடங்கு விறைப்பு. அது நன்றாகப் பொருந்தினால் பல வருடம் உழைக்கும், ஆனால் தோற்கும்போது சில சமயம் வேரையும் பிளந்துவிடும்.

ஃபாலோ-அப்பில் ஈறைச் சுற்றி ப்ரோப் செய்யுங்கள். ஒரே இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமான பாக்கெட் (ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி) இருந்தால் வேர் விரிசலைச் சந்தேகியுங்கள். கழன்று வந்த போஸ்டை அப்படியே திரும்ப ஒட்டி அனுப்பாதீர்கள். அடியில் சொத்தையா, விரிசலா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே சிமென்ட் கலக்கச் சொல்லுங்கள்.