ஸ்டீயரிங்கில் கோளாறா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

"ஸ்டீயரிங் ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் எங்கிருந்து தேடுவார்? "80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஆடுகிறது, மெதுவாகப் போனால் ஆடவில்லை" என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆகவே, கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்று கவனிப்பதுதான் நம் வேலை. கருவி எதுவும் வேண்டாம், டயர் காற்றை அளக்கும் கேஜ் ஒன்று போதும்.

1. டயரில் தொடங்குங்கள்

வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முன் டயர் ஒன்றில் மட்டும் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டிலும் குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

2. ப்ளே (ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம்) பாருங்கள்

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே முக்கியமான சோதனை இதுதான். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்கள் நேராக இருக்க இன்ஜினை ஓடவிடுங்கள். ஜன்னல் வழியாக முன் டயரைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். டயர் அசையத் தொடங்கும் முன் ஸ்டீயரிங் வெறுமனே எவ்வளவு தூரம் நகர்கிறது? பெரும்பாலான கார்களில் வளையத்தின் விளிம்பில் சுமார் 3 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது.

போனால், டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), ஸ்டீயரிங் ஜாயிண்ட், ரேக் (ஸ்டீயரிங் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பல் தண்டு) இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். டார்ச் அடித்து முன் சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் கசிந்து, அதன்மேல் மண் அப்பியிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நுழைக்காதீர்கள்.

3. முழுதாக ஒடித்துப் பாருங்கள்

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில், ஒடிக்கும்போது முனகல் கேட்டால் ஆயில் குறைந்திருக்கலாம். டப்பாவில் மேல் கோடு, கீழ்க் கோடு பாருங்கள். நுரை தெரிந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கடைசிவரை ஒடித்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம், பம்ப் சூடேறும்.

எலெக்ட்ரிக் வகையில் ஆயில் கிடையாது. டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி பலவீனமானாலும் ஸ்டீயரிங் கனக்கும்.

4. சாலையில்

காலியான நேர்சாலையில் மெதுவாகத் தொடங்குங்கள். கையை முழுதாக விடாமல் தளர்த்தி மட்டும் பிடியுங்கள். சாலையே ஓரமாகச் சரிந்திருந்தாலும் வண்டி இழுக்கும், அதனால் வேறு சாலையிலும் பார்த்துவிடுங்கள்.

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) கெட்டிருக்கும். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அலைன்மென்ட். மேடு பள்ளத்தில் 'டொக்' என்றால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டு) அல்லது டை ராட் எண்ட். அப்புறம், முன்சக்கர இயக்க வண்டி ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று தொடர்ந்து கேட்டால் அது ஸ்டீயரிங் கோளாறே இல்லை, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டிலுள்ள சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு.

ப்ளே திடீரென்று கூடினாலோ, திருப்பும்போது எங்காவது சிக்கினாலோ அதற்குமேல் ஓட்டாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். டை ராட் எண்ட் மாற்றினால் அலைன்மென்டும் செய்தார்களா என்று கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள்.