எம்.ஏ. ப்ராஜெக்ட் எழுதறது எப்படி: டைட்டில்ல இருந்து வைவா வரைக்கும்

கடைசி செமஸ்டர் வந்ததும் டிபார்ட்மென்ட்ல டைட்டில் கேப்பாங்க, பாதிப் பேர் அவசரத்துல "தமிழ் இதழ்களில் பெண்கள்"னு எழுதிக் குடுத்துருவாங்க. அத எழுதி முடிக்க ஒரு ஆயுசு பத்தாது. உங்க கையில இருக்கறது சில மாசம், அதுலயும் இன்டர்னல், செமினார், வீட்டு விசேஷம்னு பாதி போயிரும், அதனால டைட்டில யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வியப் பிடிங்க.

1. கேள்வியச் சுருக்குங்க

மேல சொன்ன டைட்டிலையே எடுத்துக்கலாம். எந்த இதழ்? ஆனந்த விகடன். எந்த வருஷம்? 1930லேர்ந்து 1935. அதுல எது? கதையா, தலையங்கமா, விளம்பரமா? மருந்து விளம்பரம் மட்டும்னு வச்சுப்போம். இப்ப கேள்வி இப்படி வருது: "அந்த அஞ்சாறு வருஷ மருந்து விளம்பரங்கள் பெண்ணோட உடம்பப் பத்தி என்ன சொல்லுச்சு?" இதுக்கு உங்களால பதில் தேட முடியும். கேள்விக்குறி போட்டு ஒரே வாக்கியத்துல எழுத முடியலைன்னா இன்னும் சுருக்கணும்னு அர்த்தம்.

2. மெட்டீரியல் கிடைக்குமான்னு பாருங்க

டைட்டில் பதிவு பண்றதுக்கு முன்னாடியே இத முடிச்சுருங்க, ப்ளீஸ். பழைய இதழ்னா சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர்ல தனி மனுஷர் ஒருத்தர் சேத்து வச்ச புத்தகங்கள வச்சு 1994ல தொடங்கினது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கு. வெளியூர்ல இருக்கறவங்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல முதல்ல தேடுங்க, பஸ் காசு மிச்சம். எந்தெந்த இதழ் எங்க இருக்குன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, நடுவுல சில வருஷம் கிடைக்கலைன்னா கேள்விய இப்பவே மாத்திக்கலாம்.

அப்புறம் சோத்கங்கான்னு ஒரு வெப்சைட். இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்க இலவசமா கிடைக்குது. உங்க விஷயத்துக்குப் பக்கத்துல வர்றதா ரெண்டு மூணு எடுத்து, முன்னுரையையும் இயல் பிரிப்பையும் மட்டும் படிங்க. பிஎச்.டி. அளவுக்கு நாமளும் எழுதணும்னு பயந்துராதீங்க, அது பல வருஷ வேலை.

3. கைடுகிட்ட பேப்பரோட போங்க

"என்ன பண்ணட்டும் சார்"னு வெறுங்கையோட போனா அவரும் பொதுவாத்தான் சொல்லுவார். கேள்வி, மெட்டீரியல் லிஸ்ட், இயல் பிரிப்பு எல்லாம் சேத்து ஒரு பக்கம் கொண்டுபோங்க, அவர் சொல்ற திருத்தத்த அங்கயே தேதி போட்டு எழுதிக்கோங்க.

4. குறிப்பு எடுக்கறப்பவே பக்க எண்

இதுல தான் நிறையப் பேர் கடைசில அழறாங்க. மேற்கோள் இருக்கும், எந்த இதழ், எந்தத் தேதி, எத்தனையாவது பக்கம்னு இருக்காது. ஒவ்வொரு குறிப்புக்கும் மேல இது மூணும் எழுதிட்டுத்தான் உள்ள போகணும். அடுத்தவங்க வார்த்தைய அப்படியே எடுத்தா மேற்கோள்குறி போடுங்க, உங்க சொந்த யோசனைய வேற கலர்ல எழுதுங்க. கம்ப்யூட்டர்ல பண்றவங்களுக்கு, குறிப்பையும் மேற்கோள் விவரத்தையும் சேத்து வைக்கற ஸோடெரோங்கற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம் தான்.

5. நடு இயல முதல்ல எழுதுங்க

எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு எழுதலாம்னு காத்திருக்காதீங்க, படிப்பு முடியவே முடியாது. பத்து விளம்பரம் பாத்ததும் அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க, கரடுமுரடா இருந்தாலும் பரவால்ல. முன்னுரைய கடைசியா எழுதுங்க, ஏன்னா நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு அப்பதான் உங்களுக்கே தெரியும்.

6. டைப்பிங், செக்கிங்

யூனிகோட்லயே அடிங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா ஃபைலுக்குள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்து தான், தேடவும் முடியாது. வேர்டுல தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் குடுத்துட்டா பொருளடக்கம் தானா வந்துரும்.

யுஜிசியோட 2018 விதிப்படி ஒப்புமை, அதாவது அடுத்தவங்க எழுதினதோட உங்க எழுத்து ஒத்துப்போற அளவு, 10 சதவீதம் வரைக்கும் இருந்தா தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும் போனா திருத்திக் குடுக்கச் சொல்லுவாங்க, 60ஐத் தாண்டினா பதிவே ரத்து. முறையா பேர் சொல்லிக் குடுத்த மேற்கோள் இந்தக் கணக்குல வராது.

7. வைவா (வாய்மொழித் தேர்வு)

பைண்டிங் குடுத்ததும் உங்க காப்பிய திரும்ப ஒரு தடவ முழுசா படிங்க. "ஏன் 1935ல நிறுத்தினீங்க?", "ஏன் இந்த இதழ் மட்டும்?"னு கண்டிப்பா கேப்பாங்க, ரெண்டுக்கும் பதில் உங்க முன்னுரைலயே இருக்கணும்.