மருத்துவக் காப்பீட்டு மசோதா வந்தால் எங்கிருந்து படிப்பது?

மருத்துவமனை பில்லிங் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. காப்பீட்டு அட்டையோடு கவுண்டருக்கு வருபவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நாங்க கையிலிருந்து எவ்வளவு கட்டணும்?" தேசியக் காப்பீட்டைச் சீர்திருத்தப் போகிறோம் என்று கட்சிகள் மோதிக்கொள்ளும்போது இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. ஒரு பக்கம் ‘எல்லோருக்கும் மருத்துவம்’ என்பார்கள், மறுபக்கம் ‘வரிச்சுமை’ என்பார்கள். இரண்டு பேச்சையும் சற்று ஒதுக்கிவிட்டு மசோதாவையே எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வரிசையில் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்னுரையை விடுங்கள். நோயாளியின் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். டிஸ்சார்ஜ் பில்லில் பொதுவாக மூன்று தொகைகள் இருக்கும்: மொத்தம், காப்பீடு ஒப்புக்கொண்டது, நோயாளி கட்ட வேண்டியது. அறை, அறுவை அரங்கு, மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் நடுத் தொகைக்குள் வந்துவிடும். அப்புறம் கையுறை, ஊசிக்குழாய், முகக்கவசம் என்று சின்னச் சின்ன வரிகளாக ஒரு பக்கம் நீளும். அதில் பெரும்பகுதி கடைசித் தொகையில் போய் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அறுவை சிகிச்சைக்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டுக்குப் போன பிறகு மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைக்குத்தான் கடன் வாங்கினார்கள். திட்டத்தில் வெளிநோயாளி மருந்து இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, எது உள்ளே, எது வெளியே என்ற பட்டியல்தான் மசோதாவின் உயிர். கனடாவின் 1984 சுகாதாரச் சட்டம் மருத்துவமனைச் சிகிச்சையையும் மருத்துவர் சேவையையும் உறுதி செய்தது. வெளியே வாங்கும் மருந்தும் பெரும்பாலான பல் சிகிச்சையும் அந்த உறுதிக்குள் வரவில்லை. பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்த அனியூரின் பெவன், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது 1951-ல் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். சின்ன விஷயத்துக்கா இவ்வளவு என்று தோன்றலாம். கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது.

‘நோயாளியும் கொஞ்சம் கட்டினால்தான் வீண் செலவு குறையும்’ என்ற வாதம் கட்டாயம் வரும். அமெரிக்காவில் 1970-களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் குடும்பங்களை வெவ்வேறு திட்டங்களில் சேர்த்து இதைப் பெரிய அளவில் சோதித்தது. கைக்காசு கொடுக்க வேண்டியிருந்தவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் தேவையில்லாத சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். இந்த வாதத்தைச் சொல்பவர் பின்பாதியையும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஏழைகளுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் விலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் அந்தப் பிரிவை எதிர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது? 1883-ல் பிஸ்மார்க் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜெர்மனியில் காப்பீட்டுச் சந்தாவைத் தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். நிரந்தரச் சம்பளக்காரர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் அந்த முறையை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் கானா 2003-ல் சட்டம் கொண்டுவந்தபோது பொருள்கள், சேவைகள் மீது 2.5 சதவீதத் தீர்வையையும் சேர்த்துக்கொண்டது. வழி எதுவானாலும் அது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2011-ல் எல்லோருக்கும் அரசே நடத்தும் ஒற்றைக் காப்பீட்டுக்குச் சட்டம் போட்டது, நிதியை எப்படித் திரட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 2014 டிசம்பரில் கணக்கு வந்தது: நிறுவனங்கள் மீது 11.5 சதவீதச் சம்பள வரி, அதற்கு மேல் வருமான வரி. ஆளுநரே திட்டத்தைக் கைவிட்டார். அந்த வரிக்கு ஈடாக மக்கள் தனியாரிடம் கட்டும் பிரீமியம் எவ்வளவு குறையும் என்பதையும் அருகில் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லும் பேச்சாளரை, எந்தக் கட்சியாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

பிறகு, எல்லோரும் கட்டாயமாகச் சேர வேண்டுமா? விருப்பம் உள்ளவர்கள் சேரலாம் என்று விட்டால், உடம்புக்கு முடியாதவர்களே அதிகம் சேருவார்கள், பிரீமியம் ஏறும், ஆரோக்கியமாக இருப்பவர்கள் இன்னும் விலகுவார்கள். 2010 அமெரிக்கச் சட்டம், ஏற்கெனவே நோய் இருப்பவரைக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கக் கூடாது என்றது. அதற்கு ஈடாகக் காப்பீடு எடுக்காதவருக்கு அபராதமும் வைத்தது. அந்த அபராதம் ஒரு வரி என்ற அடிப்படையில் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தப்பியது. 2019 முதல் அபராதத் தொகை பூஜ்யமாகிவிட்டது. கட்டாயம் என்பது கேட்க இனிக்காதுதான். ஆனால் ‘யாரையும் மறுக்க மாட்டோம், யாரையும் கட்டாயப்படுத்தவும் மாட்டோம்’ என்று ஒருவர் சேர்த்துச் சொன்னால், இடைவெளியை நிரப்பப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

கட்டும் பணம் ஒரே பொது நிதியில் சேர்கிறதா, பல தனித்தனித் தொகுப்புகளில் சேர்கிறதா என்பதையும் பாருங்கள். தென் கொரியா 1977-ல் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களிடமிருந்து தொடங்கி 1989-ல் எல்லோரையும் சேர்த்தது. நூற்றுக்கணக்கான காப்பீட்டுச் சங்கங்கள் தனித்தனியாக இருந்தன. 2000-த்தில்தான் அவற்றை ஒன்றாக்கினார்கள். பணக்காரர்களின் தொகுப்பும் ஏழைகளின் தொகுப்பும் தனித்தனியாக இருந்தால் காலப்போக்கில் இரண்டு தரத்தில் மருத்துவம் நடக்கும்.

மருத்துவர்கள் எதிர்த்தால் காரணத்தைத் தேடிப் படியுங்கள். கனடாவின் சஸ்காட்செவனில் 1962 ஜூலை 1 அன்று பொதுக் காப்பீடு தொடங்கிய நாளே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. கடைசியில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் பழைய முறை தொடரட்டும் என்று ஒப்புக்கொண்டுதான் அரசு திட்டத்தைக் காப்பாற்றியது. மருத்துவமனைக்கு எந்த விலை தரப்படும் என்ற அட்டவணை இதனால்தான் முக்கியம். விலை அடிமாட்டு விலையாக இருந்தால் ‘படுக்கை இல்லை’ என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவார்கள்.

வதந்தி வந்தால் பிரிவு எண்ணைக் கேளுங்கள். 2009-ல், மேலே சொன்ன அமெரிக்கச் சீர்திருத்தம் மசோதாவாக இருந்தபோது, யாருக்குச் சிகிச்சை தருவது என்று முடிவுசெய்யும் ‘மரணக் குழுக்கள்’ வரப்போகின்றன என்று பரவியது. மசோதாவில் இருந்தது என்னவென்றால், வாழ்வின் கடைசிக் காலச் சிகிச்சை பற்றி நோயாளி விரும்பினால் மருத்துவரிடம் கலந்து பேசலாம், அந்த நேரத்துக்கு மருத்துவருக்குக் கட்டணம் உண்டு என்ற பிரிவு. பயந்துபோய் அதை நீக்கினார்கள். ஆதரிப்பவர்களின் வாக்குறுதியையும் இதே போல் சோதிக்க வேண்டும். ‘உங்கள் பழைய திட்டம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013-ல் லட்சக்கணக்கானவர்களுக்குத் திட்டம் ரத்து என்று கடிதம் வந்தது.

கடைசிப் பக்கங்களில் நடைமுறைக்கு வரும் தேதி இருக்கும். தென்னாப்பிரிக்காவில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் 2024 மே 15 அன்று கையெழுத்தானது. தனியார் திட்டங்களைக் கூடுதல் சேவைகளுக்கு மட்டும் என்று சுருக்கும் பிரிவோ, தேசியக் காப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகே பொருந்தும். கையெழுத்துக்கும் கவுண்டருக்கும் நடுவே ஆண்டுகள் இருக்கலாம்.

இவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுத்துமூலம் பதில் கேளுங்கள். ‘அதெல்லாம் பிறகு விதிமுறைகளில் வரும்’ என்று சொல்லுவார்கள். சரி, அந்த விதிமுறைகளை யார் எழுதுவார்கள், அவை நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குத் திரும்ப வருமா என்று இன்னொரு கடிதம் போடுங்கள்.