மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

சர்க்கரை பீட் இலை சுருண்டு மஞ்சளடித்ததும் ஸ்பிரேயரைத் தூக்க வேண்டாம். முதலில் இலையைத் திருப்புங்கள். இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் கூட்டம் போட்டிருக்கும். பச்சை அசுவினி இலையை மஞ்சளாக்கும் வைரஸைப் பரப்பும் என்பதால் இளம்பயிரில் கொஞ்சம் தெரிந்தாலும் அசட்டை கூடாது. கூடவே கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான்.

காலையில் நாற்று தரையோடு அறுந்து கிடக்கிறதா? வெட்டுப்புழுவாக இருக்கலாம். செடியடி மண்ணை விரலால் லேசாகக் கிளறுங்கள். சாம்பல் நிறப் புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். இரவில்தான் மேலே வரும், அதனால் உச்சிவெயிலில் மருந்தடிப்பது வீண். சாயங்காலம் அடித்தால் தேனீக்களுக்கும் தொல்லை குறைவு. மக்காச்சோளம், சூரியகாந்தி நாற்றுக்கும் இதே கதைதான்.

அப்புறம், அடுத்த முறை மருந்தை மாற்றும்போது பெயர் மாறினால் மட்டும் போதாது. லேபிளைப் படித்து வேறு வேதிப்பிரிவைச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒரே பிரிவையே திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்கு அது பழகிவிடும்.