போர்க்கால அமெரிக்க காமிக்ஸை எப்படிப் படிப்பது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க காமிக்ஸ்களின் ஸ்கேன்கள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. முதல்முறை திறப்பவர்கள் "அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் ரெண்டு பக்கம் பார்த்து முகம் சுளித்து மூடிவிடுவார்கள். ரெண்டுமே வேண்டாம். கொஞ்சம் மெனக்கெட்டால், யாரை, எப்போது, எதற்காக வெறுக்கச் சொன்னார்கள் என்று ஒரே ஒரு அட்டைப்படத்தில் பிடித்துவிடலாம்.

முதலில் தேதி. அட்டையில் இருக்கும் மாதத்தை அப்படியே நம்பாதீர்கள், இதழ் கடையில் நாலு நாள் கூடுதலாக இருக்கட்டும் என்று ரெண்டு மூன்று மாதம் தள்ளித்தான் அச்சடிப்பார்கள். கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழில் மார்ச் 1941 என்று இருக்கும், கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான். ஆக, அந்த இதழின் அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் விடும் குத்து அரசு சொல்லி வரைந்தது இல்லை, ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற ரெண்டு யூத இளைஞர்களின் சொந்தக் கோபம். அதையும் 1943இல் வந்த ஓர் அட்டையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

அடுத்ததுதான் முக்கியம்: ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் குத்து அட்டையில் ஹிட்லர் ஹிட்லராகவே இருப்பார், பின்னால் துப்பாக்கி நீட்டும் சிப்பாய்களுக்கும் சாதாரண மனித முகம்தான். பேர்ல் துறைமுகத்துக்குப் பிறகு வந்த அட்டைகளில் ஜப்பானியச் சிப்பாய்க்கு என்ன ஆகிறது பாருங்கள், கோரைப்பல், நகம், சோடாபுட்டிக் கண்ணாடி, எல்லாருக்கும் ஒரே முகம். ஸ்கேனைப் பெரிதாக்கினால் நிறத்தின் சூட்சுமமும் தெரியும்: வெள்ளைக்காரர் தோல், இளஞ்சிவப்பும் மஞ்சளும் லேசான புள்ளிகளாகக் கலந்தது, ஜப்பானியர் முகத்திலோ பல இடங்களில் மஞ்சளை அப்படியே அப்பியிருப்பார்கள். அச்சுப்பிழை இல்லை, யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நிறம். 1942 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தது, அவர்களில் மூன்றில் ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். இந்தப் படங்களைப் பத்து சென்ட் கொடுத்து வாங்கிப் படித்த பையனுக்கு அது அநியாயமாகத் தோன்றியிருக்குமா?

பத்து சென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, போர் நிதிக்காக அரசு விற்ற சேமிப்பு ஸ்டாம்பிலும் ஆகக் குறைந்தது பத்து சென்ட்தான். ஸ்டாம்ப் சேர்த்து 18.75 டாலர் ஆனால் ஒரு போர்க் கடன் பத்திரம், பத்து வருடத்தில் அது 25 டாலர். அதனால் கதையோடு விளம்பரத்தையும் விடாமல் படியுங்கள். ஆக்‌ஷன் காமிக்ஸ் 58ஆம் இதழ் அட்டையில் சூப்பர்மேன் அச்சு இயந்திரம் ஓட்டுகிறார், வெளியே வரும் போஸ்டரில் பத்திரமும் ஸ்டாம்பும் வாங்கி ஜப்பானியனை அறையலாம் என்று இருக்கிறது, அதுவும் "ஜாப்" என்ற வசைச்சொல்லைப் போட்டு. அரசுக்கும் இதில் கை உண்டு. எழுத்தாளர் போர் வாரியம் என்ற அமைப்பு அரசு ஆதரவோடு பதிப்பகங்களுக்குக் கதைக்கரு கொடுத்தது. போர் முடியப்போகும் நேரத்தில், நாஜிகள் மட்டும் இல்லை, ஜெர்மானியர்களே பரம்பரையாகப் போர் வெறியர்கள் என்று காட்டச் சொன்னது. 1945இல் வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 24ஆம் இதழ் அந்த ரகம்.

வில்லனைப் பார்த்தாயிற்று, சரி, நண்பனையும் பாருங்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். பிளாக்ஹாக் என்ற காமிக்ஸில் வரும் விமானிகள் குழுவில் எல்லாரும் மிடுக்கான சீருடையில் விமானம் ஓட்ட, சீனரான சாப்-சாப் மட்டும் குண்டுச் சமையல்காரர், பல் துருத்திக்கொண்டு, குடுமியும் வெட்டுக்கத்தியுமாக. சீனா அப்போது அமெரிக்காவின் கூட்டாளி நாடு, ஞாபகம் இருக்கட்டும்! கேப்டன் மார்வெல் கதைகளில் ஸ்டீம்போட் என்ற கறுப்பின வேலைக்காரர் வருவார், பள்ளிப் பிள்ளைகள் நேரே இதழின் ஆசிரியரிடம் போய் ஆட்சேபித்த பிறகு 1945இல் அவரை எடுத்துவிட்டார்கள். அதனால் "அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மறுபதிப்புகளில் சில சமயம் நிறத்தையும் வசனத்தையும் மாற்றிவிடுவார்கள், முடிந்தவரை மூல இதழின் ஸ்கேனையே தேடுங்கள். பழகிப் பார்க்க 1944இல் வந்த பிளேஸிங் காமிக்ஸ் நல்ல இடம். சூ ஹிங் என்ற சீன அமெரிக்கர் வரைந்த கிரீன் டர்ட்டில் அதில்தான் வருகிறார், சீனாவில் ஜப்பானியரோடு மோதும் முகமூடி வீரர். சீனரை நாயகனாக்கப் பதிப்பகம் சம்மதிக்கவில்லை, அதனால்தான் அவர் முகத்தைக் காட்டவே இல்லை என்று ஒரு வதந்தி உண்டு. கட்டம் கட்டமாகப் பாருங்கள்: ஒன்று நமக்கு முதுகைக் காட்டியிருப்பார், இல்லையென்றால் சொந்தக் கையோ வேறு எதுவோ முகத்தை மறைத்திருக்கும். கொஞ்சம் தெரியும் தோலுக்கோ அச்சகம் பளிச்சென்று இளஞ்சிவப்பு அடித்து வைத்திருக்கிறது.